மான்செஸ்டரிலிருந்து ஐந்து பேர்: ஈஸ்டேல் டார்ன் போய் வாருங்கள்

வணக்கம். வெவ்வேறு வீடுகளில் இருக்கும் ஐந்து நண்பர்கள் மான்செஸ்டரிலிருந்து லேக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதிக்குப் போய், அங்கே ஈஸ்டேல் டார்ன் என்ற சிறு ஏரிக்கு நடந்தால் கொரோனா விதிமீறலா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கொரோனா காலத்தில்கூட, 2021 மார்ச் 29 முதல் இங்கிலாந்தில் வெளியிடத்தில் ஆறு பேர் வரை கூட அனுமதி இருந்தது; இப்போது அந்தக் கட்டுப்பாடே இல்லை. சிக்கல் பயணத்தில்தான். ஐந்து பேரும் ஒரே காரில் அடைந்துகொண்டு போகாதீர்கள். விண்டர்மியர் வரை ரயில், அங்கிருந்து கிராஸ்மியர் கிராமத்துக்கு 555 பேருந்து. ஒரே நாளில் போய்வர விடியற்காலையிலேயே கிளம்புங்கள்.

கிராஸ்மியரிலிருந்து ஈஸ்டேல் டார்ன் போய்வர சுமார் 8 கிலோமீட்டர். ஏறும் வழியில் சவர்மில்க் கில் ஓடை பாறைமேல் வெள்ளையாய் நுரைத்து விழும். மழைக்கு மறுநாள் பார்த்தால் கண்ணை எடுக்க மனசே வராது! ஆனால் பக்கத்திலேயே போகும் கற்பாதை ஈரத்தில் வழுக்கும். நல்ல பிடிமானமுள்ள பூட்ஸ் கட்டாயம். குறுகலான இடத்தில் எதிரே ஆள் வந்தால் புல்லில் ஒதுங்கி வழி விடுங்கள். மேலே குளிர்காற்று அடிக்கும், ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், தயவுசெய்து பாறையில் தாவ வேண்டாம். அங்கே மலைமீட்புக்கு வருபவர்கள் அத்தனை பேரும் தன்னார்வலர்கள். அவர்களை வரவழைக்கும்படி ஆகக் கூடாது.