எச்சத்துக்கு வாரண்டி இல்லையாம்

நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தடியில்தான் காரை நிறுத்துகிறேன். ஊதா நிறத்தில் பறவை எச்சம் விழுந்து மூன்று நாள் ஆகியிருந்தது. காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். இப்போது கோடு கோடாகக் கீறல். இதற்கு எந்தத் திரவம் வாங்கலாம்?
– வாசகர், குன்னூர்

பதில்: எதையும் வாங்க வேண்டாம். உங்களுக்கும் சேர்த்து நான் வாங்கிவிட்டேன். ‘எச்சம் நீக்கி’ என்று ஒரு புட்டி, 450 ரூபாய். மூடியைத் திறந்தால் ஷாம்பு வாசனை. வெறும் தண்ணீரைவிட ஒரு நிமிடம்கூட வேகமாக வேலை செய்யவில்லை.

கீறல் போட்டது பறவை அல்ல, உங்கள் கை. உண்ணிச்செடிப் பழம் தின்ற கொண்டைக்குருவியின் எச்சத்தில் விதை இருக்கும், மண்ணும் இருக்கலாம். அதைக் காய்ந்த துணியால் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். மைக்ரோஃபைபர் துணியையோ பழைய பனியனையோ வெதுவெதுப்பான நீரில் நனைத்து, சொட்டச் சொட்ட எச்சத்தின் மேல் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு டீ குடியுங்கள். பத்து நிமிடம் ஆகட்டும். எச்சத்தின் வெள்ளைப் பகுதி யூரிக் அமிலம். அது தண்ணீரில் லேசில் கரையாது, ஊறித்தான் இளகும். பிறகு துணியால் பொத்தி மேலே தூக்குங்கள். தேய்க்காதீர்கள். மிச்சம் இருந்தால் மறுபடி ஊறட்டும்.

‘குளிர் ஊர்தானே’ என்று மூன்று நாள் விட்டுவைத்தீர்கள் அல்லவா? காற்றுக்குத்தான் குளிர், உச்சி வெயிலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். அந்தச் சூட்டில் பெயிண்டின் மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இளகி விரிகிறது, சாயங்காலம் பனி இறங்கியதும் சுருங்குகிறது. நடுவே இறுகிக் கிடக்கும் எச்சத்தின் அச்சு அப்படியே அதில் பதிந்துவிடுகிறது. கழுவிய பிறகும் மங்கலாக ஒரு வட்டம் தெரிந்தால் அது கறை இல்லை, பள்ளம். நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். தட்டாவிட்டால் ஒரு பாலிஷில் போகலாம். தட்டினால் பெயிண்டிங் தெரிந்தவரிடம் காட்டுங்கள். கிளியர் கோட்டின் கனம் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சுரண்டிக்கொண்டு போகும்.

கேள்வி: காய்ந்த எச்சத்துக்குப் பற்பசையும் எலுமிச்சைச் சாறும் நல்லது என்கிறார்களே?
– வாசகர், அருவங்காடு

பதில்: ஒன்று பல்லுக்கு, மற்றது ரசத்துக்கு.

கேள்வி: புதுக் காருக்குக் கோவையில் 28,000 ரூபாய் கொடுத்து செராமிக் பூச்சு போட்டேன். ‘9 எச் கடினம், ஐந்து வருட வாரண்டி, இனி எச்சம் விழுந்தாலும் கவலை இல்லை’ என்றார்கள். ஒரே மாதத்தில் பானெட்டில் நான்கு தழும்பு. கேட்டால், எச்சம் வாரண்டியில் சேராது என்கிறார்கள். பணம் கட்டிய பிறகுதான் வாரண்டி அட்டையே கையில் கொடுத்தார்கள்...
– ஆசிரியை, கோத்தகிரி

பதில்: அம்மா, நீங்கள் ஏமாளி இல்லை. எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்து பளபளப்பான பேச்சு அது. ‘வைரம் 10, நம் பூச்சு 9’ என்றும் சொல்லியிருப்பார்களே? வைரத்துக்கு 10 போடுவது கனிமங்களை அளக்கும் மோஸ் அளவுகோல். 9 எச் என்பது பென்சில்! உங்கள் மாணவர்கள் வைத்திருக்கும் எச்பி, 2பி வரிசையில் கெட்டியான கோடியில் இருப்பது. 750 கிராம் பாரம் ஏற்றி, 45 பாகைச் சாய்வில் பூச்சின் மேல் அந்தப் பென்சிலைத் தள்ளுவார்கள். கீறல் விழாவிட்டால் 9 எச். ஒன்பதும் பத்தும் பக்கத்துப் பக்கத்து எண்கள் என்பதை மட்டுமே மூலதனமாக்கி ஒரு வியாபாரம் நடக்கிறது. அதுவும் போகட்டும், எச்சம் என்ன பென்சிலா வைத்துக் கீறுகிறது? அது ஒட்டிக் காய்ந்து அச்சுப் பதிக்கிற பொருள். செராமிக் பூச்சினால் தண்ணீர் உருண்டோடும், அழுக்கு சுலபமாகப் போகும், எச்சத்தைக் கழுவக் கொஞ்சம் கூடுதல் அவகாசம் கிடைக்கும். இவ்வளவுக்குத்தான் அந்தக் காசு. வாயால் ‘கவலை இல்லை’ என்று விற்றுவிட்டு, எழுத்து எறும்பாகும் இடத்தில் ‘பறவை எச்சம், மரப்பிசின் நீங்கலாக’ என்று அச்சடிப்பவரை என்னவென்று சொல்வது? மலையில் நிற்கும் காரின் மேல் வேறு என்னதான் விழும்?

பணம் வாங்கிய பிறகு அட்டை கொடுத்தார்கள் என்கிறீர்களே, அதை விடாதீர்கள். பில், அட்டை, அவர்கள் விளம்பரத்தின் படம், தழும்பின் படம் எல்லாவற்றின் நகலோடும் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதியுங்கள். மசியாவிட்டால் வழக்குத்தான். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கோவைக்கு மலை இறங்க வேண்டியதில்லை, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. புகார் கொடுக்கக் கெடு 2 ஆண்டு. என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

அதுவரை, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சாதாரண வாக்ஸ் போதும். சில நூறு ரூபாய் டப்பா ஒன்று எனக்கு இரண்டு வருடம் வருகிறது.

கேள்வி: வெட்டவெளியில் நிற்கும் காருக்குக் கவர் வாங்கலாமா?
– வாசகர், ஊட்டி

பதில்: கண்காட்சி ஒன்றில் 1,800 ரூபாய்க்கு வெள்ளிப் பூச்சுக் கவர் வாங்கினேன். ஜூலை மழையில் மூன்று வாரம் கழற்றவில்லை. கழற்றியபோது கூரையெல்லாம் செதில் செதிலாக வெள்ளி ஒட்டியிருந்தது. காற்றில் கவர் அடித்து அடித்துக் கதவு ஓரம் மங்கிப்போயிருந்தது. உள்ளே பூஞ்சை நாற்றம் வேறு. இன்று அந்தக் கவர் விறகுக்கட்டை மூடிக் கிடக்கிறது. விறகு நன்றாகவே இருக்கிறது. கூரை உள்ள இடமானால், கழுவி உலர்ந்த காரின் மேல் காற்றுப் போகும் துணிக் கவர் போடலாம். மூடுபனியில் வேண்டாம்.

கேள்வி: பழைய கார் வாங்கினேன். மறுநாள் பார்த்தால் கூரை முழுக்க எச்சத் தழும்பு. விற்றவர் மறைத்துவிட்டார். வாங்கிய அன்று நல்ல மழை...
– வாசகர், மஞ்சூர்

பதில்: அவர் மறைக்கவில்லை, மழை மறைத்தது. நனைந்த பெயிண்டில் தழும்பு லேசில் தெரியாது. ஒரு நாள் பொறுத்து வெயிலில் பார்த்திருக்கலாமே! என்ன அவசரம்?

கேள்வி: ஒரு கொண்டைக்குருவி தினமும் பக்கக் கண்ணாடியைக் கொத்துகிறது. கதவெல்லாம் எச்சம். விரட்ட ஏதாவது கருவி உண்டா?
– வாசகர், லவ்டேல்

பதில்: கண்ணாடியில் தெரியும் பறவையை எதிராளி என்று நினைத்துச் சண்டை போடுகிறது. பழைய காலுறை ஒன்றைக் கண்ணாடிக்கு மாட்டிவிடுங்கள். ஓட்டும்போது கழற்ற மறக்காதீர்கள்.