தளையிடாத நிலம்: அமெரிக்க அரசின் ஆய்வும் அதன்பின் வரும் பொறுப்பும்

கேள்வி: அமெரிக்காவில் பொது நிலத்தை 'வில்டர்னஸ்' என்று அறிவிக்கும் முன் அரசு என்ன ஆய்வு செய்கிறது? அறிவித்தபின் அங்கே நிர்வகிக்க என்ன இருக்கிறது, சும்மா விட்டுவிடுவதுதானே?

பன்னிரண்டு ஆண்டுகளாக மினசோட்டாவில் வசிக்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் ஒரு வாரமாவது கனடா எல்லையை ஒட்டிய பவுண்டரி வாட்டர்ஸ் ஏரிகளில் துடுப்புப் படகில் செல்வது என் வழக்கம். அந்த ஏரிகள் மீதுள்ள பற்றினால்தான் இத்தகைய நிலங்களைப் பற்றிய அரசு அறிக்கைகளைப் படிக்கத் தொடங்கினேன்; சில வரைவு அறிக்கைகளுக்குக் கருத்தும் எழுதி அனுப்பியிருக்கிறேன். அந்த வாசிப்பிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். 'வில்டர்னஸ்' என்பதை வனாந்தரம் என்று மொழிபெயர்த்தால் அடர்ந்த மரங்கள்தான் மனத்தில் வரும். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் பாலைநிலமும் சதுப்பும் பனிப்பாறையும் இதற்குள் அடங்கும். காட்டெருமை, காட்டுமல்லி என்று சொல்லும்போது 'காட்டு' என்னும் அடைமொழி மனிதர் வளர்க்காதது, தானாக வளர்ந்தது என்ற பொருளைத் தருகிறது அல்லவா? அந்தப் பொருளில் 'காட்டுநிலம்' என்றே இங்கு எழுதுகிறேன். 1964ஆம் ஆண்டின் காட்டுநிலச் சட்டம் இத்தகைய நிலத்தை வரையறுக்கும் இடத்தில் உள்ள முக்கியமான சொல்லைப் பலர் 'மனிதர் கால் மிதிக்காத' என்று தவறாகப் படித்துவிடுகிறார்கள். அதன் உண்மையான பொருள் 'தளையிடப்படாத' என்பதாகும். மாட்டின் காலில் கட்டும் தளையை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த நிலத்தில் மனிதர் நடந்திருக்கலாம், வேட்டையாடியிருக்கலாம். நிலத்தின் போக்கைக் கட்டிப்போட்டிருக்கக் கூடாது என்பதே கருத்து. 1956 முதல் இச்சட்டத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட வரைவுகளை எழுதிய ஹோவர்ட் சானிசர் இச்சொல்லைத் தெரிந்தே தேர்ந்தெடுத்தார். ஜனாதிபதி ஜான்சன் 1964 செப்டம்பர் 3 அன்று கையெழுத்திடுவதற்கு நான்கு மாதங்கள் முன்பே சானிசர் இறந்துவிட்டார்.

அரசுத் துறைகள் ஆய்வு செய்யலாம், பரிந்துரைக்கலாம். ஆனால் காட்டுநிலம் என்று அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றமான காங்கிரசுக்கு மட்டுமே உண்டு. சட்டம் வந்த நாளில் 91 லட்சம் ஏக்கராக இருந்த பரப்பு இன்று 11 கோடி ஏக்கரைத் தாண்டிவிட்டது. அதில் பாதிக்கும் சற்று மேல் அலாஸ்காவில் உள்ளது.

ஆய்வு என்றதும் நில அளவையும் வரைபடமும் நினைவுக்கு வரும். அவை உண்டுதான். ஆனால் எந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அளக்கிறார்கள் என்பதே விடையை முடிவு செய்கிறது என்பதை இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. வனத்துறை 1971இல் தன் பொறுப்பில் இருந்த சாலையற்ற காடுகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியது. சுமார் 5.6 கோடி ஏக்கரைப் பார்த்து, அதில் 1.23 கோடி ஏக்கரை மட்டுமே மேற்கொண்டு ஆராயத்தக்கது என்று 1973இல் தேர்ந்தெடுத்தது. மரம் வெட்டி விற்க உதவாத உயரமான பாறையும் பனியுமாகத் தேர்ந்தெடுத்துவிட்டு, நல்ல மரங்கள் நிற்கும் தாழ்வான பள்ளத்தாக்குகளை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டார்கள் என்பது அப்போது எழுந்த பெரிய குறை. 1977இல் இரண்டாம் முறை தொடங்கி 6.2 கோடி ஏக்கரை ஆராய்ந்தார்கள். 1979இல் வந்த முடிவில் 1.5 கோடி ஏக்கர் காட்டுநிலத்துக்கும், 3.6 கோடி ஏக்கர் பிற பயன்களுக்கும், எஞ்சியது மறு ஆய்வுக்கும் என்று பிரிக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் வழக்குத் தொடுத்தது. நாடு முழுவதையும் ஒரே வீச்சில் எடைபோட்டு, ஒவ்வோர் இடத்தின் தனித்தன்மையையும் பாராமல் எழுதிய சுற்றுச்சூழல் அறிக்கை போதாது என்று 1982இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் காங்கிரஸ் மாநிலம் மாநிலமாகச் சட்டம் இயற்றி, 1984இல் மட்டும் 80 லட்சம் ஏக்கருக்கு மேல் சேர்த்தது.

கிழக்கு மாநிலங்களில் கேள்வியின் ஆற்றல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அங்குள்ள காடுகளில் பெரும்பாலானவை ஒருமுறை வெட்டப்பட்டு மீண்டும் வளர்ந்தவை. ஆகவே அவை தகுதியற்றவை என்பது வனத்துறையின் வாதமாக இருந்தது. 'எப்போதாவது மனிதர் கை பட்டதா?' என்று கேட்டால் அது சரியான விடைதான். 'இப்போது தளை நீங்கி நிற்கிறதா?' என்று கேட்டால் விடை மாறிவிடுகிறது. 1975 ஜனவரியில் வந்த கிழக்குக் காட்டுநிலச் சட்டம் 16 இடங்களை அறிவித்ததன் மூலம் இரண்டாவது கேள்வியையே ஏற்றுக்கொண்டது. என் பார்வையில் 1964க்குப் பிந்தைய முடிவுகளிலேயே மிக நல்ல முடிவு அதுதான். காயம் ஆறிய நிலத்துக்கும் காப்புப் பெற உரிமை உண்டு என்று அது ஒப்புக்கொண்டது.

மேற்கின் வறண்ட நிலங்களைக் கவனிக்கும் நில மேலாண்மைத் துறைக்கு 1976ஆம் ஆண்டுச் சட்டம் 15 ஆண்டுக் கெடு விதித்தது. குறைந்தது 5,000 ஏக்கர், அதாவது சுமார் 20 சதுர கிலோமீட்டர் பரப்பு இருக்கிறதா, இயற்கையான தோற்றம் கெடாமல் இருக்கிறதா, தனிமையோ எளிய பயணமோ அங்கே வாய்க்குமா என்று துறையினர் இடம் இடமாகப் பார்த்தார்கள். சாலை இருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் சாலை என்பது எது? இயந்திரம் கொண்டு செப்பனிட்டு, தொடர்ந்து பயன்படும்படி பராமரிக்கப்படுவதே சாலை; வண்டிகள் போய்ப் போய்த் தானாக விழுந்த தடம் சாலை ஆகாது என்று விளக்கம் வகுத்துக்கொண்டார்கள். சாலைக்கும் வண்டித்தடத்துக்கும் உள்ள இந்த ஒரு வேறுபாடு பல ஆயிரம் ஏக்கரை எல்லைக்கு உள்ளேயோ வெளியேயோ தள்ளியது.

யூட்டா மாநிலத்தில் இது பெரும் பூசலானது. அங்கே 32 லட்சம் ஏக்கர் ஆய்வுப் பகுதியாக ஏற்கப்பட்டு, அதில் சுமார் 19 லட்சம் ஏக்கர் பரிந்துரைக்கப்பட்டது. முதல் கணக்கெடுப்பில் பல இடங்கள் காரணமின்றி விடுபட்டன என்று தன்னார்வலர்கள் நடந்தே சென்று படமும் குறிப்பும் சேகரித்து வாதிட்டார்கள். துறை 1996இல் மறுபடியும் கணக்கெடுத்தபோது, மேலும் 26 லட்சம் ஏக்கருக்குக் காட்டுநிலத் தன்மை உண்டு என்று 1999இல் அறிவித்தது. நிலம் அதே நிலம்தான். பார்த்த கண்ணும் பார்க்கச் சென்ற நோக்கமும் மாறியிருந்தன.

இதில் பலர் அறியாத ஒன்று உண்டு. இந்தத் துறையின் ஆய்வுப் பகுதியாக ஏற்கப்பட்ட நிலத்தை, காங்கிரஸ் முடிவெடுக்கும் வரை, அதன் தகுதி கெடாதபடி காக்க வேண்டும் என்பது சட்டம். முடிவுக்கோ கெடு இல்லை. ஆகவே 1980களில் ஆய்வுக்கு எடுத்த நிலங்களில் ஒரு கோடி ஏக்கருக்கு மேல் இன்றும் அறிவிக்கப்படாமலும் விடுவிக்கப்படாமலும் இருக்கிறது. யூட்டாவின் எமரி மாவட்டத்தில் சுமார் 6.6 லட்சம் ஏக்கர் காட்டுநிலமானது 2019இல்தான். இந்தத் தாமதத்தைக் குறையாகச் சொல்பவர்கள் பலர். அவர்களில் அங்கே ஆடு மாடு மேய்க்கும் குடும்பங்களின் கவலையை நான் மதிக்கிறேன். முன்பிருந்தே நடந்துவரும் மேய்ச்சலைச் சட்டம் தடுப்பதில்லை என்றாலும், நாளை என்ன ஆகும் என்று தெரியாமல் நாற்பது ஆண்டு வாழ்வது கடினம்தான். ஆயினும் அந்தக் காத்திருப்பு இல்லாவிட்டால், விவாதம் முடியும் முன்பே பல இடங்களில் சாலை விழுந்திருக்கும்.

இனி, சும்மா விடுவதைப் பற்றி. சட்டம் மோட்டார் வாகனம், இயந்திரக் கருவி, மிதிவண்டி, கட்டடம், நிரந்தரச் சாலை ஆகியவற்றைப் பொதுவாகத் தடுக்கிறது. ஆகவே பாதையில் சாய்ந்த மரத்தை அறுக்க, இரண்டு பேர் இரு முனைகளிலும் பிடித்து இழுக்கும் நீண்ட ரம்பத்தையே ஊழியர்கள் எடுத்துச் செல்கிறார்கள். பவுண்டரி வாட்டர்ஸில் சில ஏரிகளுக்கு மட்டும் 1978ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார் படகு விலக்கு அளித்தது. மற்றபடி கோடையில் ஒவ்வொரு நுழைவாயிலிலும் நாளுக்கு இத்தனை குழு என்று வரம்பு உண்டு. ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது, உணவோ பானமோ அடைத்த தகர டப்பாவும் கண்ணாடிப் புட்டியும் கொண்டுபோகக் கூடாது. பத்தாவது ஆளாக வந்த என் நண்பரைக் கரையிலேயே விட்டுச் செல்ல நேர்ந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. மறுநாள் விடியலில் ஒரு லூன் பறவையின் கூவலைத் தவிர வேறு ஓசையில்லாத ஏரியைப் பார்த்தபோது அந்த எண்ணிக்கை எதற்காக என்று புரிந்தது.

அதே ஏரிகள் ஒஜிப்வே மக்களின் தாயகம். 1854 உடன்படிக்கையின்படி வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் அவர்களுக்கு இன்றும் உரிமை உண்டு. 'மனிதன் வந்து செல்பவன், தங்குபவன் அல்லன்' என்னும் கருத்தில் எழுந்த சட்டத்துக்குள் அந்த வாழ்வு பொருந்தவில்லை. இதை அச்சட்டத்தின் உண்மையான குறை என்றே கருதுகிறேன். மொண்டானாவில் சாலிஷ், கூட்னாய் பழங்குடியினர் 1982இல் தங்கள் மிஷன் மலைகளைத் தாங்களே காட்டுநிலமாக அறிவித்துக் காத்துவருவது வேறு வழியும் உண்டு என்பதைக் காட்டுகிறது.

நிர்வாகத்தின் மிகக் கடினமான சோதனை ஐல் ராயல் தீவில் வந்தது. சுப்பீரியர் ஏரியில் உள்ள அந்தத் தீவு ஏறக்குறைய முழுவதும் காட்டுநிலம். 1940களின் இறுதியில் உறைந்த ஏரியின் மீது நடந்து ஓநாய்கள் அங்கே குடியேறின. குளிர்காலம் தளர்ந்து பனிப்பாலம் அரிதானதால் புதிய ஓநாய்கள் வருவது நின்றது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருகி அவை நலிந்து, 2016 வாக்கில் இரண்டே மிஞ்சின. மூஸ் மான்கள் பெருகி இளம் மரங்களைத் தின்று தீர்த்தன. கைவைத்தால் தளை, கைவைக்காவிட்டால் தீவின் இயல்பே அழியும். நீண்ட ஆய்வுக்குப் பின் தேசியப் பூங்காத் துறை 2018, 2019 ஆண்டுகளில் 19 ஓநாய்களை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டது. தலையிடவே கூடாது என்ற கட்சியில்தான் நான் முதலில் இருந்தேன். பனிப்பாலத்தை இல்லாமல் ஆக்கியதில் நம் புகைக்கும் பங்குண்டு என்று எண்ணிப் பார்த்தபின் என் கருத்து மாறியது. அந்தத் தளையை நாம் தீவில் காலே வைக்காமல் தொலைவிலிருந்து முன்பே பூட்டிவிட்டிருந்தோம்.