கூலன்ட்டில் கலந்த ஆயில்: எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன்

கேள்வி: ஒர்க் ஷாப்பில் என் காரின் ஆயில் கூலரை (கூலன்ட்டைக் கொண்டு எஞ்சின் ஆயிலின் சூட்டைத் தணிக்கும் பாகம்) மாற்றி, புதிய கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றினார்கள். ஒரு மாதத்திற்குள் எஞ்சின் சூடேறத் தொடங்கியது. கூலன்ட் டேங்கில் பழுப்புக் குழம்பு மிதக்கிறது. ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, சூடேறிய பிறகும் நான் ஓட்டியதுதான் காரணம் என்று கூறி, எஞ்சினைப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வழக்குத் தொடரலாமா?

பதில்: தொடரலாம். ஆனால் அந்தக் கையெழுத்தை இப்போது போடாதீர்கள். எஞ்சினைப் பிரித்து, கூலன்ட்டை வடித்துவிட்டால், பழுது எங்கே தொடங்கியது என்பதற்கான முதன்மைச் சான்று சாக்கடையில் போய்விடும்.

கூலன்ட்டில் ஆயில் கலந்திருப்பது மட்டுமே ஹெட் கேஸ்கட் பழுதை நிரூபித்துவிடாது. எஞ்சின் ஓடும்போது ஆயிலின் அழுத்தம் பொதுவாகக் கூலன்ட்டின் அழுத்தத்தைவிட அதிகம் என்பதால், ஆயில் கூலரில் கசிவு இருந்தாலும் இதே குழம்பு உண்டாகும். ஹெட் கேஸ்கட் வழியாக, எஞ்சினுக்குள் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறதா என்பதை, நீல நிறத் திரவம் மஞ்சளாக மாறும் எளிய சோதனையால் பெரும்பாலும் அறியலாம். ஆயில் கூலரைத் தனியே அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தலாம். இச்சோதனைகளை வேறொரு மெக்கானிக்கைக் கொண்டு, ஒர்க் ஷாப்புக்கு முன்னறிவிப்புக் கொடுத்து, இயன்றால் அவர்கள் முன்னிலையிலேயே செய்து, எழுத்து மூலம் அறிக்கை பெறுங்கள். கூலன்ட் மாதிரியைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, தேதியிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட்டு மூடி வையுங்கள். நான்கு பக்க வக்கீல் நோட்டீஸைவிட அந்தப் பாட்டிலுக்கு மதிப்பு அதிகம் என்பது, நோட்டீஸ் எழுதியே பிழைக்கும் என் கருத்து.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, கவனக்குறைவான பழுதுபார்ப்பு சேவைக் குறைபாடாகும். பொருத்திய உதிரிபாகமே பழுதானது எனில் அது பொருளின் குறைபாடு. சோதனையின்றிக் கண்டறிய முடியாத பொருள் குறைபாட்டைப் புகாரில் குறிப்பிட்டால், பிரிவு 38-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையம் பொருளின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தைப் புகார்தாரரே முதலில் செலுத்த வேண்டும்.

உங்கள் தரப்பிலும் ஒரு பலவீனம் உண்டு. வெப்ப எச்சரிக்கை விளக்கு எரிந்த பிறகும் நீங்கள் வண்டியை ஓட்டியிருந்தால், அதனால் கூடிய சேதத்திற்கான இழப்பீட்டை ஆணையம் குறைக்க வாய்ப்புள்ளது. ஆகவே, விளக்கு எப்போது எரிந்தது, எப்போது நிறுத்தினீர்கள், யாரை அழைத்தீர்கள் என்பதை மறைக்காமல் இப்போதே எழுதி வையுங்கள்.

வழக்குக்குரிய காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். ஒர்க் ஷாப் எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே அதைத் தாக்கல் செய்யலாம்.