டிப்பர் பம்பை 6 குதிரைவலு எஞ்சின் சுற்றுமா?

தம்பி, பழைய டிப்பரில் கழற்றிய சிலிண்டரையும் ஒரு சுற்றுக்கு 80 சிசி ஒயில் தள்ளும் பம்பையும் தோட்டத்து 6 குதிரைவலுப் பெற்றோல் எஞ்சினில் பூட்டி, பரந்தனில் நெல் பெட்டியைத் தூக்கப் பார்த்தால் எஞ்சின் நின்றுவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எஞ்சினில் பழுதில்லை, பம்புதான் பெரிது. 150 பார் அழுத்தத்தில் அதைச் சுற்ற 190 நியூட்டன் மீற்றர் முறுக்குவிசை வேண்டும், உங்கள் எஞ்சினில் இருப்பது 10, 12தான். 3 சிசி கியர் பம்ப் போடுங்கள். 3000 சுற்றில் நிமிடத்துக்கு 9 லீற்றர் அளவில் ஒயில் வரும், 20 லீற்றர் பிடிக்கும் சிலிண்டர் எழும்ப இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடப் போகும், அறுவடை நேரத்திலும் அது பெரிய தாமதமில்லை. நீர்ப்பம்பாலேயே ஒயிலைத் தள்ளலாமா என்றீர்கள், முடியாது, அது சில பாருக்கு மேல் ஏறாது.

வாங்கும்போது பம்ப் எந்தப் பக்கம் சுற்றுவது என்று பாருங்கள், பல பம்புகள் ஒரு பக்கம்தான் சுற்றும். அழுத்தம் கூடினால் ஒயிலைத் திருப்பி விடும் ரிலீஃப் வால்வு இல்லாமல் ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். ஒயில் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள், அந்த அழுத்தத்தில் தோலுக்குள் பாய்ந்துவிடும், கார்ட்போர்ட் மட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அப்புறம், முட்டுக் கொடுக்காமல் பெட்டிக்குக் கீழே யாரையும் விடாதீர்கள்.