காய்கறித் தோலில் இருந்து பயனுள்ள சேர்மங்களைப் பிரித்தெடுக்க எந்தக் கரைப்பான் சிறந்தது?

எதை எடுக்கப் போகிறீர்கள் என்று சொல்லாமல் இதற்கு ஒற்றைப் பெயரைப் பதிலாகத் தர முடியாது. அடுப்படியிலேயே பாருங்கள்: பீட்ரூட் நறுக்கிய கையின் சாயம் தண்ணீரில் ஓடிவிடுகிறது, கேரட் அல்வாவிலோ நெய்தான் நிறம் பிடிக்கிறது. பீட்ரூட்டின் நிறமியான பீட்டாலெயின் நீரில் கரையும், கேரட்டின் நிறமியான கரோட்டின் கொழுப்பில் கரையும். ஆய்வகத்தில் நெய்யின் இடத்தில், கொழுப்பைக் கரைக்கும் ஹெக்சேன் என்ற கரைப்பான் நிற்கும், அவ்வளவுதான்.

முதுகலையில் நான் எடுத்துக்கொண்டது வெங்காயச் சருகு. குவெர்செடின் என்ற பீனால் வகைச் சேர்மம், உள்ளே இருக்கும் சதையைவிடச் சருகில்தான் மிக அதிகம். காசும் செலவில்லை, விடுதிச் சமையற்கூடத்தில் கோணிப்பை நிறைய அள்ளிக் கொடுத்தார்கள். நிழலில் உலர்த்தி, மிக்சியில் பொடித்து, ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், எத்தனால், தண்ணீர் என நான்கிலும் தனித்தனியே ஊறவைத்தேன். ஹெக்சேனில் வந்தது கொஞ்சம் மெழுகுதான். தண்ணீர்ச் சாற்றை வற்றவைத்து நிறுத்தால், எத்தனால் சாற்றைவிடக் கனம்! வென்றுவிட்டோம் என்று குதித்தேன். பீனால்களின் அளவைக் காட்டும் ஃபோலின் சோதனையில் குட்டு உடைந்தது: பீனால்கள் எத்தனாலில்தான் அதிகம். தண்ணீரில் கூடியிருந்த எடை சர்க்கரையும் பெக்டினும். மிச்சம் வைத்திருந்த தண்ணீர்ச் சாறு விடுமுறை முடிந்து வருவதற்குள் பூஞ்சை பூத்திருந்தது.

பிறகு வழிகாட்டி சொன்னபடி 70 பங்கு எத்தனாலும் 30 பங்கு தண்ணீரும் கலந்தேன். காய்ந்த செல்சுவரைத் தண்ணீர் ஊறி உப்பச் செய்கிறது, உள்ளே இருப்பதை எத்தனால் கரைக்கிறது. தனி எத்தனாலைவிட இதுவே மேல்.

பீட்ரூட் தோலைச் சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானைத் திரும்பத் திரும்ப ஊற்றிச் சாறெடுக்கும் கண்ணாடிக் கருவி) மணிக்கணக்கில் கொதிக்கவிடாதீர்கள், நிறம் செத்துவிடும். எலுமிச்சைச் சாறு சில துளி விட்ட குளிர்ந்த நீர் போதும். உருளைக்கிழங்குத் தோலில் குளோரோஜெனிக் அமிலம் என்ற பயனுள்ள பீனாலோடு சொலனைன் என்ற நஞ்சும் கூடவே வரும். அந்தச் சாற்றைக் குடித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம். மெத்தனால் நன்றாகவே இழுக்கும், ஆனால் அதுவே நஞ்சு. உணவில் சேர்க்கும் எண்ணமிருந்தால் அதைத் தொடாதீர்கள்.

கல்லூரிச் செயல்திட்டம் என்றால், வெப்பநிலை, நேரம், பொடிக்கும் கரைப்பானுக்குமான விகிதம் மூன்றும் எல்லாக் குடுவைகளிலும் ஒன்றாக இருக்கட்டும். நான் தண்ணீரை மட்டும் வெந்நீராக ஊற்றிவிட்டு மற்றவற்றோடு ஒப்பிட்டிருந்தேன். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அதுதான்.