பீரியட் பேன்ட்டி திடீரென்று கசிகிறதா? தூக்கிப் போடும் முன் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்

கேள்வி: நாப்கின் வைத்தாலே தொடை இடுக்கில் தடித்து அரிப்பெடுக்கிறது என்பதால் சில மாதங்களுக்கு முன், மாதவிடாய் உதிரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் உள்ளாடையான பீரியட் பேன்ட்டிக்கு மாறினேன். மூன்று வாங்கினேன். ஆரம்பத்தில் அருமையாக இருந்தன. இப்போது இரண்டாம் நாளில் பக்கவாட்டில் கசிகிறது. துவைத்த பிறகும் லேசாக ஒரு வாடை இருந்துகொண்டே இருக்கிறது. வெந்நீரில் ஊறவைத்து, மெஷினில் போட்டு, வாசனைக்காகக் கடைசியில் துணிக்கான கண்டிஷனரும் ஊற்றுகிறேன். இவ்வளவு செய்தும் ஏன் இப்படி? துணி கெட்டுவிட்டதா? மறுபடி வாங்குவதானால் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: துணி கெட்டிருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் அக்கறையோடு செய்கிற இரண்டு காரியங்கள்தான் பிரச்சினை: வெந்நீர், கண்டிஷனர். இரண்டையும் இன்றே நிறுத்துங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. துவைத்துக் காய்ந்த பேன்ட்டி ஒன்றை எடுத்து, உட்புறம் மேலே தெரியும்படி மேசைமேல் விரித்து வையுங்கள். விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீரை நடுவில் விடுங்கள். விட்ட உடனே துணி அதைக் குடித்துவிட்டால் நல்லது. சொட்டு முத்துப்போல உருண்டு மேலேயே நின்று, துணியைச் சாய்த்தால் ஓரத்தை நோக்கி ஓடினால், உங்கள் கசிவுக்குக் காரணம் அதுதான். இரண்டாம் நாளில் உதிரமும் அப்படித்தான் ஓடுகிறது.

ஏன் என்று புரிய, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். உடலைத் தொடும் மேல் அடுக்கின் வேலை ஈரத்தைப் பிடித்து வைப்பதல்ல, சட்டென்று கீழே கடத்துவது. அது பருத்தியாகவோ மூங்கில் விஸ்கோஸாகவோ மெரினோ கம்பளியாகவோ இருக்கும். அதன்கீழே உறிஞ்சித் தேக்கி வைக்கும் நடு அடுக்கு. அதற்கும் கீழே, வெளித்துணிக்கு முன்பாக, ஈரம் ஊடுருவாத மெல்லிய பாலியூரிதேன் படலம். அதனால்தான் உடையில் கறை படுவதில்லை.

கண்டிஷனர் துணியை மிருதுவாக்குவது எப்படி? இழைகளின் மேல் வழவழப்பான ஒரு மெல்லிய பூச்சைப் படியவிட்டு. சட்டைக்கு அது சரி. உறிஞ்ச வேண்டிய துணிக்கு அது கேடு. ஒவ்வொரு துவையலிலும் பூச்சு ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஆரம்பத்தில் நன்றாக இருந்தது இப்போது கசிகிறது. அடுத்த முறை பக்கவாட்டில் கசிந்தால், நடுப்பகுதியை ஒரு வெள்ளை டிஷ்யூவால் அழுத்திப் பாருங்கள். அங்கே அதிகம் ஈரமில்லை என்றால், பேன்ட்டி நிரம்பி வழியவில்லை, உதிரம் உள்ளே இறங்கவே இல்லை என்று அர்த்தம்.

இதைச் சரிசெய்துவிடலாம். வழக்கமாகப் போடுவதில் பாதி அளவு சோப்புத் தூள் போட்டு, 40 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத தண்ணீரில் துவையுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். காய்ந்ததும் மறுபடி சொட்டு விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று துவையலில் பூச்சு கரைந்து போகும். சோப்பு அதிகம் போட்டாலும் இதே தொல்லைதான், மிச்சச் சோப்பு இழைகளுக்குள் தங்கி ஈரத்துக்கு வழிவிடாது. நுரை கூடினால் சுத்தம் கூடும் என்பது இந்தத் துணிக்குப் பொருந்தாது.

அடுத்து வெந்நீர். உதிரத்தில் புரதம் இருக்கிறது. கொதிநீரில் முட்டையின் வெள்ளை இறுகுவதுபோல, சூட்டில் அந்தப் புரதம் இழையோடு இறுகிக்கொள்ளும். கறையும் நிற்கும், வாடையும் நிற்கும். ஆகவே முதல் அலசல் எப்போதும் குளிர்ந்த நீரில்தான். முழுக்க அலசி முடித்த பிறகு மெஷினில் 30 அல்லது 40 டிகிரி வைத்துக்கொள்ளலாம்.

அலசுவதிலும் ஒரு முறை இருக்கிறது. உட்புறத்தை வெளியே திருப்பி, குழாயடியில் பிடியுங்கள். முறுக்கிப் பிழிய வேண்டாம், உள்ளே இருக்கும் படலம் மடிந்து விரிசல் விடும். உள்ளங்கையால் அழுத்தி விடுங்கள், தண்ணீர் ஏறட்டும், மறுபடி அழுத்துங்கள். முதலில் சிவப்பாக வரும், பிறகு இளஞ்சிவப்பு, பிறகு தெளிந்த நீர். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல், பின்பக்கம் இடுப்பை நோக்கிப் போகும் பகுதியை இன்னும் ஒருமுறை நன்றாக அழுத்திப் பாருங்கள். மறுபடி இளஞ்சிவப்பாக வரும். நடு அடுக்கின் ஆழத்தில் தங்கியிருந்தது அது. வாடைக்கு மூலம் பெரும்பாலும் அந்த மிச்சம்தான். புதிய உதிரத்துக்கு அவ்வளவாக வாடை கிடையாது. துணிக்குள் தங்கியதில் பாக்டீரியா பெருகும்போதுதான் வாடை வருகிறது. வாடைக்கு மேலே வாசனையை ஊற்றுவதால் பலனில்லை.

என்சைம் கலந்த டிடெர்ஜென்ட் உதிரக் கறைக்கு நன்றாக வேலை செய்யும், புரதத்தை உடைப்பதே அதன் வேலை. ஆனால் மேல் அடுக்கு மெரினோ கம்பளி என்றால் இந்த டிடெர்ஜென்ட்டைத் தொடாதீர்கள், கம்பளியும் புரதம்தான். பிளீச் எந்த வகைக்கும் வேண்டாம்.

சரி, வெளியில் இருக்கிறீர்கள், உடனே அலச வழியில்லை, என்ன செய்வது? ஈரம் வெளியே வராத பையில் மடித்துப் போட்டு வரலாம். வீட்டுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். காலை வரை அந்தப் பைக்குள்ளேயே மூடிக் கிடக்கக் கூடாது. காய்ந்து போயிருந்தால் குளிர்ந்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசலாம். இரவு முழுக்க வாளியில் ஊறப்போடுவது எலாஸ்டிக்குக்கும் படலத்துக்கும் நல்லதல்ல. அலசிய பேன்ட்டியை மற்றத் துணிகளோடு மெஷினில் போடுவதில் எந்தத் தவறும் இல்லை. கொக்கியோ ஜிப்போ மாட்டி இழுக்காமல் வலைப்பையில் போட்டால் போதும்.

உலர்த்துவதைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை. எனக்கு அங்கேதான் இன்னொரு சந்தேகம். ஒரு பக்கம் படலம் அடைத்திருப்பதால் ஈரம் மறுபக்கமாக மட்டுமே வெளியேற முடியும். ஆகவே சாதாரண உள்ளாடையைவிட இது காய வெகுநேரம் எடுக்கும். காற்று குறைவான இடத்தில் ஒரு நாள் முழுக்கக்கூட ஆகலாம். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், நடு அடுக்கில் ஈரம் இருக்கும். புறங்கையை நடுப்பகுதியில் சில விநாடி வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை. உங்களிடம் இருப்பது மூன்றே மூன்று. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில், ஒன்று வாளியில் என்றால் அரைகுறையாகக் காய்ந்ததை எடுத்து அணிய வேண்டி வருகிறதா? அப்படியானால் வாடைக்கும் அரிப்புக்கும் அதுவே போதும்.

உட்புறம் வெளியே இருக்கும்படி, இடுப்புப் பட்டையில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். காற்றோட்டம்தான் முக்கியம். வெயில் படுவது நல்லது, ஆனால் கடும் வெயிலில் நாள் முழுக்க விட்டால் எலாஸ்டிக் தளர்ந்துவிடும். மறைவாக இருக்கட்டும் என்று மற்ற துணிகளுக்கு அடியில் உலர்த்தாதீர்கள். இதுவும் ஒரு துணி, இதற்கும் காற்று வேண்டும். டிரையரும் இஸ்திரியும் வேண்டாம்.

இனி வாங்குவது பற்றி. அட்டையில் "20 மில்லி தாங்கும்", "நான்கு டாம்பானுக்குச் சமம்" என்றெல்லாம் போட்டிருப்பார்கள். அந்த எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். இத்தகைய அளவுகளைப் பெரும்பாலும் தண்ணீரையோ உப்புநீரையோ ஊற்றித்தான் கணக்கிட்டு வந்தார்கள். உதிரம் அதைவிடக் கெட்டி. அமெரிக்காவின் ஆரெகனில் உள்ள மருத்துவ ஆய்வாளர்கள் 21 மாதவிடாய்ப் பொருள்களை உண்மையான ரத்தச் சிவப்பணுக்களை வைத்துச் சோதித்து 2023-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அதில் உள்ளே வைத்துக்கொள்ளும் மென்ஸ்ட்ருவல் டிஸ்க் ஒன்று சராசரியாக 61 மில்லி பிடித்தது. பீரியட் பேன்ட்டி பிடித்தது 2 மில்லி. சோதித்ததிலேயே மிகக் குறைவு அதுதான்.

இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், ஆனால் மறக்கவும் வேண்டாம். ஒரு மாதவிடாய் முழுவதிலும் சராசரியாக வெளியேறும் ரத்தம் 30 முதல் 40 மில்லிதான். அது நாள்கணக்கில் சிறுகச் சிறுக வருகிறது, அணிந்திருக்கும்போது மெல்ல உள்ளே இறங்க நேரம் கிடைக்கிறது. ஆகவே மிதமான நாள்களுக்குப் பீரியட் பேன்ட்டி தாராளமாகப் போதும். தடுமாறுவது மொத்த அளவில் அல்ல, வேகத்தில்தான். உட்கார்ந்திருந்து எழும்போது ஒரேயடியாக இறங்குமே, அந்த இரண்டாம் நாள் அவசரத்துக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். கூடவே மென்ஸ்ட்ருவல் கப் பயன்படுத்தி, பேன்ட்டியைக் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம். உள்ளே எதுவும் வைக்கப் பிடிக்கவில்லை என்றால் நடுப்பகலில் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

அளவு விஷயத்தில், கொஞ்சம் தளர்வாக இருந்தால் வசதி என்று ஒரு சைஸ் கூட்டி வாங்குபவர்கள் அதிகம். பக்கவாட்டுக் கசிவுக்கு இதுவும் ஒரு காரணம். அணிந்துகொண்டு ஒருமுறை குந்தி உட்காருங்கள், ஒருமுறை நாற்காலியில் உட்காருங்கள். தொடையோரத்தில் துணி உடம்பை விட்டு வாய் பிளந்தால் அது உங்கள் அளவல்ல. அதற்காகத் தடம் பதியும் அளவுக்கு இறுக்கமும் வேண்டாம், உங்களுக்கு ஏற்கெனவே அரிப்புத் தொல்லை இருக்கிறது. தொடையோரத் தையலைக் கையில் எடுத்துப் பாருங்கள். உறிஞ்சும் அடுக்கு ஓரம் வரை வருகிறதா, அல்லது நடுவில் ஒரு குறுகலான பட்டையாக நின்றுவிடுகிறதா? குறுகிய பட்டை பகலில் சமாளிக்கும். இரவுக்கு, பின்பக்கம் இடுப்பு வரை ஏறும் நீளமான அடுக்கு உள்ளதையே வாங்குங்கள். படுத்திருக்கும்போது உதிரம் பின்னால்தான் போகும்.

பழகும்வரை உட்புறம் வெளிர் நிறத்தில் இருப்பது நல்லது. கறுப்பில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரியாது. எண்ணிக்கை ஐந்து முதல் ஏழு இருந்தால் ஒன்று முழுக்கக் காயும்வரை காத்திருக்கலாம். ஏழையும் ஒரே வகையில் வாங்காதீர்கள். கனமானது இரண்டு, மற்றவை மெல்லியவை என்றால் போதும்.

தோல் விஷயம் உங்களுக்கு முக்கியம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். மேல் அடுக்கு பருத்தியாக, வாசனை சேர்க்காததாக இருக்கட்டும். "கிருமி எதிர்ப்பு", "வெள்ளி நுண்துகள்" என்று பெருமையாக எழுதியிருப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒழுங்காக அலசிக் காயவைத்தால் அதற்குத் தேவையே இல்லை. 2020-ல் அமெரிக்காவின் நோட்ர டாம் பல்கலைக்கழக இயற்பியலர் கிரஹாம் பீஸ்லி சில பீரியட் பேன்ட்டிகளைச் சோதித்தபோது அதிக ஃப்ளூரின் தென்பட்டது. ஈரமும் கறையும் ஒட்டாமலிருக்கச் சேர்க்கப்படும் பி.எஃப்.ஏ.எஸ். என்ற ரசாயனங்களுக்கு அது அடையாளம். உடலிலும் மண்ணிலும் எளிதில் சிதையாமல் தங்கும் ரசாயனங்கள் அவை. ஆகவே "பி.எஃப்.ஏ.எஸ். சேர்க்கவில்லை" என்று வெளிப்படையாகச் சொல்லும் தயாரிப்பையும், துணியில் தீங்கான ரசாயனங்கள் உள்ளனவா என்று சோதித்துத் தரப்படும் ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 சான்று உள்ளதையும் தேடுங்கள். அப்புறம், கண்டிஷனரின் வாசனைப் பொருளே சிலருக்கு அரிப்பைக் கிளப்பும். அதை நிறுத்த உங்களுக்கு இது இரண்டாவது காரணம்.

எவ்வளவு நேரம் அணியலாம்? 12 மணி நேரம் என்று அட்டையில் இருந்தாலும் தோல் எளிதில் தடிக்கும் உங்களுக்கு நான் சொல்வது 8 மணி நேரத்துக்குள். நிரம்பாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் செய்தும் கசிந்தால் படலத்தைப் பார்க்க வேண்டும். உட்புறத்தில் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டு, வெளிப்புறத்தில் டிஷ்யூவை வைத்து லேசாக அழுத்துங்கள். டிஷ்யூ நடுவில் நனைந்தால் படலம் விட்டுப் போய்விட்டது, அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். ஒழுங்காகப் பராமரித்தால் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகள் வரும். உங்களுடையதற்கு இன்னும் அந்த வயதாகவில்லை.

ஒன்று மட்டும் நீங்களே யோசித்துப் பாருங்கள். பேன்ட்டி மாறவில்லை, உதிரப்போக்கு கூடியிருக்கிறதா? நாப்கின் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்து, அடுத்ததும் அப்படியே நனைவது, ஏழு நாளைத் தாண்டுவது, இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் வருவது, முன்பில்லாத களைப்பு, படியேறினால் மூச்சு வாங்குவது, இவற்றில் ஏதாவது இருந்தால் இது துணிப் பிரச்சினை அல்ல. புதிய பேன்ட்டி வாங்குவதற்கு முன் மகளிர் நல மருத்துவரைப் பாருங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே இரும்புச்சத்தின் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம்.