கிரீஸ்: மடிப்பா, கசங்கலா?

கேள்வி: ஆயத்த ஆடைக் கடையில் வேலை பார்க்கிறேன். ஆங்கிலத்தில் பேசும் வாடிக்கையாளர் ஒருவர் பேன்ட்டைப் பார்த்து ‘நைஸ் கிரீஸ்’ என்று மெச்சினார். அடுத்து எடுத்த லினன் சட்டையை ‘கிரீஸ்’ ஆகிவிடும் என்று சொல்லித் திருப்பி வைத்துவிட்டார். ஒரே சொல் எப்படி நிறையாகவும் குறையாகவும் இருக்கும்?

பதில்: அவர் இரண்டு முறையும் சரியாகத்தான் பேசியிருக்கிறார். தமிழ் இந்த விஷயத்தில் கறாரானது. தேய்த்து வைத்தால் மடிப்பு, உட்கார்ந்து எழுந்ததில் விழுந்தால் கசங்கல். ‘மடிப்புக் கலையாத சட்டை’ என்று நாம் சொன்னாலே அது பாராட்டு. ஆங்கிலத்தின் கிரீஸ் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. மடங்கியோ நசுங்கியோ ஒரு கோடு விழுந்துவிட்டால் அது கிரீஸ். நல்லதா கெட்டதா என்பதைக் கூட வரும் சொற்கள்தான் சொல்லும். ‘ஷார்ப் கிரீஸ்’ என்றால் விறைப்பாக நிற்கும் பேன்ட் மடிப்பு. ‘த ஷர்ட் இஸ் கிரீஸ்டு’ என்றால் சட்டை கசங்கிவிட்டது.

இது வினையாகவும் வரும். ‘லினன் கிரீசஸ் ஈசிலி’ என்றாலே போதும். நம் ‘ஆகும்’ என்பதை நினைத்துக்கொண்டு ‘பிகம்ஸ் கிரீஸ்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

கடிதத்தை மடிப்பது ஃபோல்டு. விரித்த பின்னும் போகாமல் நிற்கிறதே ஒரு தடம், அதுதான் கிரீஸ். புடவைக் கொசுவமும் பாவாடையில் தைத்த மடிப்பும் பிளீட். அதைப் போய்க் கிரீஸ் என்றால், புடவை கசங்கியிருக்கிறது என்று வாடிக்கையாளர் நினைத்துக்கொள்வார்! ரிங்கிள் என்பது ஒழுங்கில்லாத சிறு சுருக்கம். மூப்பில் தோலில் விழுவதும் அதுவே. ‘நரை, திரை’ என்கிறோமே, அந்தத் திரை. சட்டைக் கசங்கலையும் அமெரிக்கர்கள் பெரும்பாலும் ரிங்கிள் என்றே சொல்வார்கள். துணிகளில் ‘ரிங்கிள் ஃப்ரீ’ என்று அச்சிட்டிருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

கிரிக்கெட்டில் வரும் கிரீசும் இதே சொல்தான். இப்போது வெள்ளைக் கோடு. முற்காலத்தில் தரையையே கீறி வைத்தார்கள். ஸ்டம்புகள் நிற்கும் கோடு பவுலிங் கிரீஸ். அதிலிருந்து 4 அடி முன்னால் பாப்பிங் கிரீஸ். ரன் அவுட் ஆகாமல் தப்பிக்க பேட்டர் எட்ட வேண்டியது இந்த இரண்டாவது கோட்டைத்தான்.

உச்சரிப்பில் மட்டும் கவனம் தேவை. சைக்கிள் செயினுக்குப் போடும் மசகையும் தமிழில் கிரீஸ் என்றே எழுதுகிறோம். மடிப்பைச் சொல்லும்போது முதல் எழுத்து ‘காகம்’ என்பதில் முதலில் வரும் ககரம்போல அழுத்தமாக ஒலிக்க வேண்டும். ‘தங்கம்’ என்பதில் வரும் ககரம்போல மெலிந்துவிட்டால், வாடிக்கையாளர் சட்டையில் எண்ணெய்க் கறையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.